எல்லைக்குக் கூப்பிட்டார்கள்... எல்லை நகர்ந்ததும் மறந்தார்கள்! பஃபலோ சோல்ஜர்ஸும் பாரமகால் சிப்பாய்களும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு ராணுவ முகாம் இருக்கிறது. பல காலமாக அதன் பெயர் 'ஃபோர்ட் லீ'. அடிமை முறையைக் காப்பாற்ற நடந்த போரில் தென்மாநிலப் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் இ. லீயின் பெயர் அது. அந்தப் பெயர் வேண்டாம் என்று 2023-ல் மாற்றினார்கள். ஆர்தர் கிரெக், சாரிட்டி ஆடம்ஸ் என்ற இரண்டு கறுப்பின அதிகாரிகளின் பெயரைச் சேர்த்து 'ஃபோர்ட் கிரெக்-ஆடம்ஸ்' ஆனது.

2025-ல் டிரம்ப் அரசு மறுபடியும் 'ஃபோர்ட் லீ' என்றே மாற்றியது. ஆனால் ஒரு சிக்கல். அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதிகளின் பெயரை முகாம்களுக்கு வைக்கக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்கெனவே சட்டம் போட்டிருந்தது. அதற்கு ராணுவம் கண்டுபிடித்த வழிதான் சுவாரஸ்யம்: "இது அந்த லீ இல்லை, வேறு லீ!"

அந்த வேறு லீ, ஃபிட்ஸ் லீ. 10-வது குதிரைப்படையின் கறுப்பினச் சிப்பாய். 1898-ல் கியூபாவில், எதிரியின் தோட்டாக்களுக்கு நடுவே காயம்பட்ட சக வீரர்களை மீட்டதற்காக அமெரிக்காவின் உச்ச வீர விருதான 'மெடல் ஆஃப் ஹானர்' பெற்றவர். அடுத்த ஆண்டே உடல் நலிந்து, பார்வையும் போய், இறந்துவிட்டார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிதாக யாரும் தேடாத அவர் பெயர், இன்னொருவர் பெயரைத் திரும்பக் கொண்டுவருவதற்குத் தேவைப்பட்டது.

தேவைப்படும்போது கூப்பிடுவது. தேவை முடிந்ததும் மறப்பது. ஃபிட்ஸ் லீ இருந்த படைப்பிரிவின் மொத்தக் கதையும் இதுதான். இதே கதை நம்ம ஊரிலும் நடந்திருக்கிறது. தருமபுரிப் பக்கம் நின்று பார்த்தால் நன்றாகவே தெரியும்.

யார் இந்த பஃபலோ சோல்ஜர்ஸ்?

பாப் மார்லியின் பாட்டு வழியாகத்தான் பலருக்கும் இந்தப் பெயர் பழக்கம். நிஜத்தில் இவர்கள் அமெரிக்க ராணுவத்தின் முறையான படைப்பிரிவினர்.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் சுமார் 1.8 லட்சம் கறுப்பினத்தவர் வடமாநிலப் படையில் சேர்ந்து போரிட்டார்கள். போர் முடிந்தது, அடிமை முறையும் ஒழிந்தது. 1866-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, கறுப்பினத்தவருக்கென்று தனியாக 6 படைப்பிரிவுகளை உருவாக்கியது. 2 குதிரைப்படை (9, 10), 4 காலாட்படை. 1869-ல் அந்த நான்கும் இரண்டாகச் சுருக்கப்பட்டு 24, 25-வது காலாட்படைகள் ஆயின. அதிகாரிகள் கிட்டத்தட்ட எல்லோருமே வெள்ளையர்கள்.

இவர்களை அனுப்பிய இடம், மிசிசிப்பிக்கு மேற்கே விரிந்து கிடந்த எல்லைப் பகுதி. டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா. வேலை என்னவென்றால் சாலை போடுவது, தந்திக் கம்பம் நடுவது, தபால் வண்டிக்குக் காவல் போவது, கூடவே அந்த மண்ணின் பூர்வகுடிகளோடு சண்டை போடுவது. 'பஃபலோ சோல்ஜர்ஸ்' என்ற பெயரே பூர்வகுடிகள் வைத்தது என்கிறார்கள். சுருட்டை முடியைக் காட்டெருமையோடு ஒப்பிட்டார்கள் என்பது ஒரு விளக்கம். காட்டெருமை மாதிரி விடாமல் மோதியதால் என்பது இன்னொன்று.

மாதச் சம்பளம் 13 டாலர். பெரிய காசு இல்லை. ஆனால் வெள்ளைச் சிப்பாய்க்கும் அதே 13 டாலர்தான். நேற்றுவரை அடிமையாக விற்கப்பட்ட ஒருவனுக்கு அன்றைய அமெரிக்காவில் இப்படிச் சமமான சம்பளம் கிடைத்த இடங்கள் மிகச் சில. இன்னொரு விஷயமும் உண்டு. இந்தப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதிரியாரை நியமித்து, சிப்பாய்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருவதை அவருடைய கடமையாக அந்த 1866 சட்டமே ஆக்கியது. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே பல தென்மாநிலங்களில் குற்றமாக இருந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. துப்பாக்கியைவிட இந்தச் சிலேட்டுதான் பெரிய விஷயம் என்றுகூடச் சொல்லலாம்.

வத்தல்மலைக்குக் கீழே ஓர் எல்லை

சரி, தருமபுரிக்கு வருவோம்.

தருமபுரி நகரிலிருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில் வத்தல்மலை. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள், மேலே காபி, மிளகு, சில்வர் ஓக் மரங்கள். வார இறுதி பைக் பயணிகளுக்கு இப்போது பிடித்த இடம். இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகள் இல்லை, மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். ரோடு, பஸ் எல்லாம் இந்த ஊர்களுக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தன.

மலைப்பாதை வளைவில் நின்று கீழே பார்த்தால் விரியும் சமவெளிக்கு 18-ம் நூற்றாண்டில் பெயர் பாரமகால். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அதில் அடங்கும். மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கணவாய்கள் வழியாக இறங்கினால் கால் வைக்கும் முதல் இடம் இது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஒரு பக்கம், மெட்ராஸில் உட்கார்ந்திருந்த கிழக்கிந்திய கம்பெனி இன்னொரு பக்கம். நடுவில் பாரமகால். அமெரிக்கர்களுக்கு டெக்சாஸ் எப்படியோ, கம்பெனிக்கு அப்போது இந்தச் சமவெளி அப்படி.

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படை ஹைதரிடம் மோசமாக அடி வாங்கியது. சரியாக 20 நாள் கழித்து, செப்டம்பர் 30 அன்று, மெட்ராஸில் இரண்டு கம்பெனி 'பயனியர்கள்' திரட்டப்பட்டார்கள். பாதை வெட்டுவது, பாலம் கட்டுவது, கோட்டைச் சுவருக்குக் கீழே பள்ளம் தோண்டுவது இவர்கள் வேலை. பின்னாளில் 'மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' என்று பெயர் பெற்ற படைப்பிரிவின் தொடக்கம் இதுதான். இன்றும் பெங்களூருவில் மெட்ராஸ் பொறியியல் குழுமமாக அது இருக்கிறது. தன் பிறந்தநாளாக அதே செப்டம்பர் 30-ஐத்தான் கொண்டாடுகிறது.

இந்தப் படையில் ஆரம்பம் முதலே பெரும்பங்கு வகித்தவர்களில் தமிழகத்தின் பறையர் சமூகத்தினர் முக்கியமானவர்கள். ஊருக்குள் தெருவில் நடக்க முடியாது, கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது, நிலம் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் கம்பெனியின் சீருடை போட முடியும்.

1791-ல் காரன்வாலிஸின் படைகள் பெங்களூரைப் பிடித்தன. அதே ஆண்டு ராயக்கோட்டை விழுந்தது. கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கியபோது மட்டும் கம்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. (கிருஷ்ணகிரி மலையைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.) 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கையில் திப்பு பாரமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார்.

புது நிலத்தை யார் நிர்வகிப்பது? ராணுவத்திடமே கொடுத்தார்கள். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமையில் சில ராணுவ அதிகாரிகள். அவர்களில் ஒருவரான தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி 1799 வரை இங்கே நிலம் அளந்தார், வரி வசூலித்தார். விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருப்பெற்றது. மன்றோ பிறகு மெட்ராஸ் கவர்னர் ஆனார், சென்னையில் சேணம் இல்லாத குதிரையில் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். பாரமகாலுக்குப் பாதை வெட்டியவர்களுக்கு அப்படிச் சிலை எதுவும் கிடையாது.

மண்வெட்டியும் துப்பாக்கியும்

இரண்டு படைகளுக்கும் உள்ள ஒற்றுமையில் முக்கியமானது இதுதான். எல்லையில் சண்டை என்பது மாதத்தில் ஒரு நாள். மீதி நாளெல்லாம் கல் உடைப்பதும் மரம் வெட்டுவதும். அந்த வேலையை யார் செய்வது என்ற கேள்வி வரும்போது, சமூகம் ஏற்கெனவே யாரை அந்த வேலைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறதோ அவர்களையே ராணுவமும் தேடிப்போனது. டெக்சாஸில் கறுப்பினத்தவர், மெட்ராஸில் பறையர், பஞ்சாபில் மஸபி சீக்கியர். பஞ்சாபின் பயனியர் பட்டாலியன்களில் மூன்று அந்தத் தலித் சீக்கியர்களை வைத்தே ஓடியவை.

ஆனால் அந்த வேலைக்குச் சம்பளமும் பென்ஷனும் இருந்தன. மிராசுதாரர் அளக்கும் நெல்லை நம்பி வாழ்ந்த ஒரு குடும்பத்துக்கு, மாதா மாதம் கையில் காசு வருவது என்றால் என்ன அர்த்தம்? "நாளைக்கு வேலைக்கு வரமாட்டேன்" என்று சொல்லும் தைரியம். கண்டோன்மென்ட்களில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இருந்தது. பம்பாய் ராணுவத்தில் இதன் விளைவு உலகத்துக்கே தெரியும். அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் ஒரு சுபேதார், ராணுவப் பள்ளியில் தலைமை ஆசிரியர். அம்பேத்கர் 1891-ல் பிறந்தது மவ் என்ற ராணுவ ஊரில்.

மெட்ராஸ் சாப்பர்கள் போகாத இடமில்லை. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டினம், 1801-ல் எகிப்து, 1811-ல் ஜாவா, பிறகு பர்மா, சீனா, அபிசீனியா, ஆப்கானிஸ்தான். 1876-ல் 'குவீன்ஸ் ஓன்' என்ற பட்டம் கிடைத்தது. முள்வேலியை வெடித்துத் திறக்க உலகப் படைகளெல்லாம் பயன்படுத்திய 'பெங்களூர் டார்பிடோ' 1912-ல் இந்தப் படைப்பிரிவின் ஆங்கில அதிகாரி ஒருவர் உருவாக்கியது.

உயரத்துக்கு மட்டும் ஒரு கூரை இருந்தது. எவ்வளவு திறமை காட்டினாலும் இந்தியர் சுபேதார் மேஜர் வரைதான். அமெரிக்காவில் கூரையை உடைத்துப் பார்த்தவர் ஹென்றி ஃபிளிப்பர். அடிமையாகப் பிறந்து, 1877-ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். 10-வது குதிரைப்படையில் அதிகாரி. 1881-ல் பணக் கையாடல் வழக்குப் போட்டார்கள். கையாடல் நிரூபணமாகவில்லை. ஆனாலும் 'அதிகாரிக்குத் தகாத நடத்தை' என்று சொல்லி 1882-ல் வெளியேற்றினார்கள். அதிபர் கிளிண்டன் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 1999-ல். ஃபிளிப்பர் இறந்து அதற்குள் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

எதிரில் நின்றது யார்?

கொண்டாட்டக் கதைகள் இந்த இடத்தில்தான் கொஞ்சம் தடுமாறும்.

1879-ஐ எடுத்துக்கொள்வோம். நியூ மெக்சிகோவில் அப்பாச்சி தலைவர் விக்டோரியோ, தன் மக்களை அடைத்துவைத்த முகாமிலிருந்து வெளியேறினார். அவரைத் துரத்தியதில் முன்னால் நின்றவை 9, 10-வது குதிரைப்படைகள். முன்னாள் அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளும், சொந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்ட மக்களைத் தண்ணீர்ச் சுனை தண்ணீர்ச் சுனையாகத் துரத்தினார்கள். 1880-ல் மெக்சிகோ எல்லைக்குள் விக்டோரியோ கொல்லப்பட்டார்.

அதே 1879-ல் மெட்ராஸ் மாகாணத்தில் என்ன நடந்தது? கோதாவரிக்கு வடக்கே ரம்பா மலைப்பகுதியில் பழங்குடி மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மரத்திலிருந்து சொந்தமாக இறக்கிக் குடித்த கள்ளுக்கு வரி, காட்டுக்குள் போகக் கட்டுப்பாடு, போலீஸ் தொல்லை எனக் காரணங்கள் பல. அடக்குவதற்குப் போனவை 6 மெட்ராஸ் காலாட்படைப் பிரிவுகள், 2 கம்பெனி சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். மலைக்குப் பாதை வெட்டிக்கொண்டு ஏறியது அதே மண்வெட்டிக்காரர்கள்தான்.

சமவெளியில் கிணற்றைத் தொட முடியாதவன், மலையில் காட்டைத் தொட முடியாமல் போனவனைச் சுடப் போனான். இரண்டு கண்டங்களில், ஒரே வருடத்தில்.

3 வருடம் கழித்து, 1882-ல், மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. மாகாணம் முழுக்க மலைக்காடுகள் காப்புக்காடுகளாக மாறத் தொடங்கின. சேர்வராயன், சித்தேரி, வத்தல்மலை என இந்தப் பக்கத்து மலைவாழ் மக்களின் புழக்கம் எல்லாம் பிறகு அந்தச் சட்டத்தின் பிடிக்குள்தான். 2006-ன் வன உரிமைச் சட்டம் வரை காத்திருந்தும், பட்டா பேச்சு மலைக் கிராமங்களில் இன்னும் முடியவில்லை.

அந்தச் சிப்பாய்களைக் குற்றவாளி ஆக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. உத்தரவு போட்டது அவர்கள் இல்லை. ஆனால் 'வீரம்' என்ற ஒரே சொல்லில் இந்தக் கதையை முடித்துவிட்டால், எதிர்ப்பக்கம் நின்றவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

எல்லை நகர்ந்தது

1880-களில் தென்னிந்தியாவில் கம்பெனிக்கு, அதாவது அப்போது பிரிட்டிஷ் அரசுக்கு, எதிரி என்று யாரும் மிச்சமில்லை. பயம் இப்போது ரஷ்யாவைப் பார்த்து. எல்லை பாரமகாலிலிருந்து ஆப்கானிஸ்தான் பக்கம் போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் 'போர்க்குடிகள்' என்ற கோட்பாடு தலைதூக்கியது. சில இனங்களுக்குப் பிறவியிலேயே போர்க்குணம் உண்டு, மற்றவர்களுக்குக் கிடையாது என்பது அதன் சாரம். இதை அழுத்தமாகப் பேசியவர் லார்ட் ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தளபதி, பிறகு 1893 வரை இந்தியா முழுமைக்கும் தளபதி. மெட்ராஸ் சிப்பாய்கள் நீண்ட அமைதியில் போர்க்குணத்தை இழந்துவிட்டார்கள் என்பது அவர் முடிவு. நூறு வருடம் இவர்களை வைத்தே தென்னிந்தியாவைப் பிடித்துவிட்டு, பிடித்து முடித்த பிறகு வந்த கண்டுபிடிப்பு இது!

மெட்ராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன, அல்லது ஆளை மாற்றினார்கள். 1903-ல் கிச்சனர் செய்த சீரமைப்பில் பல மெட்ராஸ் பட்டாலியன்கள் பஞ்சாபி பட்டாலியன்கள் ஆயின. எண்ணும் கொடியும் வரலாறும் மெட்ராஸுடையவை, உள்ளே இருந்த ஆட்கள் பஞ்சாப்காரர்கள். இதில் ஒரு வேடிக்கை. பாகிஸ்தான் ராணுவத்தின் மிகப் பழைய பட்டாலியன் தன் தொடக்க ஆண்டாக 1759-ஐச் சொல்கிறது. அது அந்த ஆண்டு மெட்ராஸ் கடற்கரைச் சிப்பாய்களாகத் திரட்டப்பட்ட படை.

பம்பாய்ப் பக்கம் மகார்களுக்கும் இதேதான் நடந்தது. 1818-ல் பீமா கோரேகானில் போரிட்டவர்கள், அங்குள்ள நினைவுத் தூணில் 22 மகார் பெயர்கள் இருக்கின்றன. 1890-களின் தொடக்கத்தில் அவர்களை எடுப்பது நிறுத்தப்பட்டது. ஓய்வு பெற்ற ராணுவ வீரரான கோபால் பாபா வலங்கர் 1894-ல் இதை எதிர்த்து மனு எழுதினார். பலனில்லை. முதல் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்தவுடன் 1917-ல் மகார் படை ஒன்று உருவானது. போர் முடிந்த சில வருடங்களில் அதையும் கலைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப்போரின்போது, 1941 அக்டோபரில், மகார் ரெஜிமென்ட் பிறந்தது. 1943-ல் உருவான சமார் ரெஜிமென்ட் 1946-ல் இல்லாமல் போனது. வரைபடம் போட்டுப் பார்த்தால் ஈசிஜி மாதிரி இருக்கும்: போர் வந்தால் மேலே, முடிந்தால் கீழே.

தமிழ்நாட்டில் சாப்பர்கள் மட்டும் தப்பினார்கள். பாலம் கட்ட ஆள் எப்போதும் வேண்டுமே! மெட்ராஸ் பயனியர் படை 1933-ல் கலைக்கப்பட்டது. பஞ்சாபின் மஸபி சீக்கியப் பயனியர்களுக்கும் அதே காலத்தில் அதே முடிவுதான். காலாட்படையான மெட்ராஸ் ரெஜிமென்ட் 1920-களின் இறுதிக்குள் இல்லாமல் போய், 1940-களில் உலகப்போருக்காகத் திரும்ப வந்தது.

ராணுவக் கதவு சாத்தப்பட்ட காலத்தையும் கவனிக்க வேண்டும். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் பறையர்களின் நிலைமை பற்றித் தன் புகழ்பெற்ற அறிக்கையை எழுதியது 1891-ல். பஞ்சமி நிலம் தொடர்பான அரசாணை வந்தது 1892-ல். ஒரு கை நிலம் கொடுக்கலாமா என்று யோசித்தபோது, இன்னொரு கை சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவிலும் 1890-ல் 'எல்லை முடிந்தது' என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பே அறிவித்தது. பஃபலோ சோல்ஜர்களைக் கியூபாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் அனுப்பினார்கள். பிலிப்பைன்ஸில் 24-வது காலாட்படையின் டேவிட் ஃபேகன் என்ற சிப்பாய், யாருக்காக யாரைச் சுடுகிறோம் என்ற கேள்வி வந்ததாலோ என்னவோ, 1899-ல் படையைவிட்டு ஓடி பிலிப்பினோ விடுதலைப் படையோடு சேர்ந்துகொண்டார்.

வீடு திரும்பியவர்களுக்கு என்ன மரியாதை? 1906-ல் டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் ஊரில் ஒரு துப்பாக்கிச்சூடு. ஆதாரம் இல்லாமலே 25-வது காலாட்படையின் 167 பேரை அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஒரே கையெழுத்தில் வெளியேற்றினார். பென்ஷனும் போச்சு. அவர்கள்மீது தவறில்லை என்று அரசு ஒப்புக்கொண்டது 1972-ல். டோர்சி வில்லிஸ் என்ற முதியவருக்கு 25,000 டாலர் கொடுத்தார்கள். 1917-ல் ஹூஸ்டனில் போலீஸ் அத்துமீறலைத் தொடர்ந்து வெடித்த கலவரத்துக்காக 24-வது காலாட்படையின் 110 பேர் தண்டிக்கப்பட்டார்கள், 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தத் தண்டனைகளை ராணுவம் ரத்து செய்தது 2023 நவம்பரில். 106 வருடம் கழித்து.

சரி, இது பெருமையா?

ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் பீமா கோரேகானில் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். "பிரிட்டிஷ்காரனுக்காகச் சண்டை போட்டதில் என்ன பெருமை?" என்ற கேள்வியும் தவறாமல் வருகிறது. 2018-ல் அங்கே வன்முறையில் ஒருவர் உயிரிழந்தார். அமெரிக்காவிலும் பூர்வகுடி அமைப்புகள் சில, பஃபலோ சோல்ஜர்ஸுக்கு விழா எடுப்பதை எதிர்த்திருக்கின்றன.

இரண்டு எதிர்ப்புகளும் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல. அப்பாச்சிகளின் எதிர்ப்பு, சுடப்பட்டவர்களின் எதிர்ப்பு. அதற்கு நியாயம் இருக்கிறது. "அந்நியனுக்கு ஏன் சேவகம் செய்தாய்?" என்ற கேள்வியோ பெரும்பாலும் வேறு வழிகள் கைவசம் இருந்தவர்களிடமிருந்து வருகிறது. அதே கம்பெனியின் கச்சேரிகளில் கணக்கு எழுதியவர்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. கிணற்றில் தண்ணீர் தராத ஊரிடம் விசுவாசத்தை எதிர்பார்க்க முடியாது.

அம்பேத்கர் இந்த வாதத்தைப் பிரிட்டிஷாரை நோக்கியே திருப்பினார். இந்தியாவில் உங்கள் ஆட்சி அமைய உதவியது தீண்டப்படாதவர்கள் நிறைந்த படை. பதிலுக்கு அவர்களுக்கு நீங்கள் செய்தது ராணுவக் கதவைச் சாத்தியது. இதுதான் அவர் வாதத்தின் சாரம். அவர் பிரச்சினை கொடி எது என்பதில் இல்லை. சம்பளம், பள்ளிக்கூடம், பென்ஷன் இந்த மூன்றும் யாருக்கு என்பதில்தான்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று, ஆள்சேர்ப்பு 'அனைத்திந்திய, அனைத்துப் பிரிவினர்' என்ற அடிப்படையில் நடக்கும். போர்க்குடிக் கோட்பாட்டின் மிச்சமாக, சில ரெஜிமென்ட்கள் குறிப்பிட்ட சாதிகளுக்கும் பகுதிகளுக்கும் மட்டும் என்றிருந்த பழைய முறைக்கு இது கொள்கை அளவில் முற்றுப்புள்ளி. நல்ல விஷயம். லார்ட் ராபர்ட்ஸ் காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

இன்னொன்று, வேலைக்காலம் 4 வருடம். 100 பேர் சேர்ந்தால் அதிகபட்சம் 25 பேர் மட்டும் நிரந்தரமாகத் தொடரலாம். மற்றவர்கள் கையில் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வீடு திரும்ப வேண்டும். அதிலும் பாதி அவர்கள் சம்பளத்தில் மாதம் 30 சதவீதம் பிடித்துச் சேர்த்தது. பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. முன்னாள் ராணுவத்தினர் என்ற அந்தஸ்தும் அதோடு வரும் மருத்துவ வசதி, கேன்டீன் சலுகைகளும் கிடையாது. மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் 10 சதவீத இடஒதுக்கீடு உண்டு என்று 2022-ல் அரசு அறிவித்தது. இளமையான ராணுவம் வேண்டும், பென்ஷன் செலவு பட்ஜெட்டைத் தின்கிறது என்ற வாதங்களிலும் உண்மை இருக்கிறது.

ஆனால் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் உறுத்துவது இதுதான்: கதவு எல்லோருக்கும் முழுசாகத் திறக்கும் நேரம் பார்த்து, உள்ளே இருந்த ஏணி குட்டையாகிவிட்டது. ஒரு சாப்பர் குடும்பத்தை ஒரே தலைமுறையில் மாற்றியது துப்பாக்கி இல்லை, 15, 20 வருடத் தொடர் சம்பளமும் அதற்குப் பிறகான பென்ஷனும்தான். 23 வயதில் 11 லட்சத்தோடு திரும்புகிறவர், அப்பாவிடம் நிலமோ கடையோ இருந்தால் அதை முதலீடாக்குவார். இல்லாதவர் வீட்டுக் கடனை அடைப்பார். ஒரே தொகைதான், இரண்டு வீட்டில் இரண்டு விதமாகக் கரையும்.

ராணுவ ஆள்சேர்ப்பில் எஸ்.சி., எஸ்.டி. இடஒதுக்கீடு இல்லை. பழங்குடியினருக்கு உயரத்தில் மட்டும் தளர்வு உண்டு. தமிழ்நாட்டு இளைஞருக்குப் பொதுப்பணிப் பிரிவில் 166 செ.மீ. தேவை என்றால், அங்கீகரிக்கப்பட்ட பழங்குடிப் பகுதியினருக்கு 162 செ.மீ. போதும். தருமபுரி மாவட்டம் கோவை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின்கீழ் வருகிறது. வத்தல்மலையிலிருந்து ஒருவர் விண்ணப்பிக்க வேண்டுமென்றால் முதலில் ஆன்லைன் தேர்வு, பிறகு ஓட்டம், பிறகு மருத்துவம். மலையிலிருந்து இறங்கி வருபவருக்கு ஓட்டம் பிரச்சினையாக இருக்காது. முதல் படியான கணினித் தேர்வுதான் பிரச்சினை.

முதல் பேட்ச் அக்னிவீரர்களுக்கு நான்கு வருடம் 2026 இறுதி முதல் முடியத் தொடங்குகிறது. நூற்றில் யார் அந்த 25, யார் மீதி 75 என்பது அப்போது தெரியும். 25 சதவீதம் என்ற வரம்பை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கையும் கூடவே ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே வரும் 75 பேரில் எத்தனை பேர் முதல் தலைமுறைச் சம்பளக்காரர்கள், அவர்கள் எந்த வேலைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கெடுத்து வெளியிட்டால், தமிழ்நாட்டின் பேட்சைப் பற்றிப் பேசுவதற்கு ஊகம் தேவைப்படாது.